உன் நிறுவனத்தின் விலை பற்றி, தாமதமாக ஒரு பதில்

தேன்மொழிக்கு,

நேரில் பேசினால் எனக்கு வரிசை குழம்பிவிடும். பாதியில் நீ ஒரு கேள்வி கேட்டால் மீதியை மறந்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எழுதும்போதும் பழைய வழக்கப்படி முதலில் எண் போட்டுக்கொள்கிறேன்:

1. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நீ கேட்டதற்கு நான் ஏன் பதில் சொல்லவில்லை.
2. மதிப்புப் போடுவதையே தொழிலாகக் கொண்டிருந்த நான் செய்த பெரிய பிழை: ஓர் இழுவைப் படகு.
3. அப்படியிருந்தும் சந்தை சொல்லும் விலையை நாம் ஏன் மதிக்க வேண்டும்.
4. ஆண்டுக் கூட்டங்களும் உன் அம்மாவும்.
5. உன் நிறுவனத்தைப் பற்றி நான் கண்ணால் கண்டது.
6. உன்னிடம் சொல்லாமல் நான் செய்த ஒரு காரியம்.

ஆறாவதைத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும். வரிசையை மூன்று முறை மாற்றி எழுதிப் பார்த்தேன், மூன்று முறையும் அது கடைசிக்கே போய்விட்டது. உனக்கு நேரமில்லை என்றால் நேரே அங்கே போய்விடு. படித்த பிறகு இதை உன் மெக்கானிக் ஹமீதுக்கும் உன் மற்ற ஆட்களுக்கும் வாசித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்படிக் காட்ட வேண்டும் என்பதே என் விருப்பம். காரணம் போகப்போகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நீயும் நானும் அம்மாவும் தேக்கா சந்தையின் உணவுக் கடைகளுக்கு நடுவே, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தோம். நீ தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாயே தவிர சாப்பிடவில்லை. எங்களுக்குத் தெரிந்ததையே மறுபடியும் சொன்னாய். மின்தூக்கிப் பராமரிப்பு நிறுவனத்தை நீயும் உன் இரண்டு கூட்டாளிகளும் தொடங்கி வளர்த்தது, பங்குச் சந்தையில் பட்டியலிட்டது, போன வருஷம் ஒரு பெரிய ஒப்பந்தம் கைநழுவியது, பங்கு விலை பாதியாக விழுந்தது. இப்போது ஒரு பெரிய நிறுவனம், சந்தை விலைக்குக் கொஞ்சம் மேலே போட்டு, மொத்தத்தையும் வாங்கிக்கொள்வதாகப் பகிரங்கமாக அறிவித்திருக்கிறது. உங்கள் மூவர் கையில் இருக்கும் பங்குகளைத் தருவீர்களா என்று மாதக் கடைசிக்குள் நீ பதில் சொல்ல வேண்டும். நீ தந்தால் மற்றவர்களும் தந்துவிடுவார்கள். அதன் பிறகு உன் ஆட்களில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பது உனக்கும் தெரியாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய்.

“அப்பா, நேராச் சொல்லுங்க. இந்த விலைக்குக் குடுத்துடலாமா?”

“மார்க்கெட் ஒரு விலை சொல்லுதேம்மா. அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது.”

“மார்க்கெட்ட நான் கேக்கல. உங்களக் கேக்குறேன்.”

நான் எழுந்து, கொஞ்சம் சட்னி வாங்கி வருகிறேன் என்றேன். “சட்னி இங்கயே ரெண்டு கிண்ணம் இருக்கு” என்று உன் அம்மா சொன்னது காதில் விழுந்தது. ஆனாலும் போனேன். திரும்பி வந்தபோது நீ தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தாய். “விலை இவ்வளவு விழுந்தும் எங்கப்பா ஒரு பங்கு கூட விக்கலன்னு நம்ம ஆளுங்ககிட்ட சொல்லியிருக்கேன்ப்பா. ரொம்பப் பயந்த மனுஷன், அவரே விக்கலன்னா பாத்துக்குங்கன்னேன். அவங்களுக்கு அது பெரிய தெம்பு. எனக்கும்தான்.” ஆமாம் என்பதுபோல் நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இந்தக் கடிதம்.

இனி இரண்டாவது. செம்பவாங் கப்பல் பட்டறையில் நான் என்ன வேலை பார்த்தேன் என்று நீ சின்ன வயதில் கேட்டால், “கப்பலுக்கு விலை போடுறேன்” என்பேன். உண்மையில் பழுதுபார்க்கும் செலவை மதிப்பிடுவதுதான் வேலை. தகடு எத்தனை மாற்ற வேண்டும், எந்தக் குழாய் தாங்கும், எது தாங்காது, எத்தனை ஆள், எத்தனை நாள். கையில் விளக்கோடு கப்பலின் அடிவயிற்றுக்குள் இறங்கி, சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்பேன். அதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. ஒருமுறை பட்டறையின் சொந்த இழுவைப் படகு ஒன்றைக் கழித்துவிட முடிவு செய்து, அதற்கு விலை போடச் சொன்னார்கள். மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். இயந்திரத்தின் வயது, துருவின் ஆழம், உதிரிப்பாகம் கிடைக்குமா என்பது வரை எழுதி, கடைசியில் பழைய இரும்பின் விலையைப் போட்டேன். குறிப்பில் ஒரு பிழை கிடையாது. மேலதிகாரி அதை மற்றவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டினார்.

வாங்கியவர், கடலில் நிற்கும் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு வியாபாரி. அந்தப் படகு அவரிடம் பல வருஷம் ஓடியது. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன் படகுத்துறையில் அவரைப் பார்த்தேன். அவமானத்தோடுதான் கேட்டேன், இது ஓடும் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று. அவர் சிரித்தார். “சார், நீங்க இரும்ப எடை போட்டீங்க. நான் காலையில எந்திரிச்சு, வெளிய நங்கூரம் போட்டு நிக்கிற கப்பல எண்ணுனேன். உங்க கணக்கும் சரிதான். ஆனா படகு செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டுப் போட்ட கணக்கு அது.” கணக்குப் புத்தகத்தில் இருக்கும் சொத்துகளைக் கூட்டி ஒரு நிறுவனத்தின் மதிப்பைச் சொல்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். ஒரு நிறுவனம் எவ்வளவு பெறும் என்பது அது இனிமேல் செய்யப்போகும் வேலையில் இருக்கிறது. இனிமேல் என்பதைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க முடியாது. இதையும் சொல்லிவிட வேண்டும்: அதே வியாபாரி, முதல் படகு தந்த தைரியத்தில் இரண்டாவது ஒன்றை மிக அதிக விலைக்கு வாங்கித் தடுமாறினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நன்றாகப் பார்க்கத் தெரிந்தவருக்கும் ஒருநாள் கண் தப்பும்.

அதனால்தான் மூன்றாவதை எழுதுகிறேன். பட்டறையில் பெரிய வேலை வந்தால் எங்கள் தலைவர் ஒரு முறை வைத்திருந்தார். மதிப்பீட்டாளர்கள் ஐந்து பேரையும் தனித்தனியாகக் கப்பலுக்குள் அனுப்புவார். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. ஐந்து தாளையும் வாங்கி அவரே சராசரி எடுப்பார். வேலை முடிந்து உண்மையான செலவு தெரியும்போது, அந்தச் சராசரி எங்களில் யாருடைய எண்ணையும்விட அநேகமாக நெருக்கமாக இருக்கும். ஒருவர் குழாயை மறந்திருப்பார், இன்னொருவர் பயந்து கூட்டிப் போட்டிருப்பார் (பெரும்பாலும் நான்தான்), ஒருவர் தலைவருக்குப் பிடிக்கட்டும் என்று குறைத்திருப்பார். பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஐந்து சாதாரண மனிதர்களைச் சேர்த்தால் ஒரு கெட்டிக்காரர் கிடைப்பது எனக்கு இன்றுவரை அதிசயம். பங்குச் சந்தையை நான் அப்படித்தான் நினைக்கிறேன். ஆயிரக்கணக்கான மதிப்பீட்டாளர்கள், ஒவ்வொருவரும் தன் சொந்தப் பணத்தை முன்வைத்து, படித்து, யோசித்து, தனித்தனியாகத் தரும் தாள்களின் சராசரிதான் திரையில் தெரியும் அந்த எண். ஒருவர் கணக்கு அதற்கு எதிராக நின்றால், அவர் தன் கணக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தேக்காவில் நான் உன்னிடம் சொன்னது கோழைத்தனத்தால் வந்த சொல் என்றாலும், அதற்கு அடியில் இந்த நம்பிக்கையும் இருந்தது.

நான்காவது உனக்குச் சிரிப்பு மூட்டலாம். ஓய்வு பெற்ற பிறகு நானும் உன் அம்மாவும் சேமிப்பில் கொஞ்சத்தைப் பத்துப் பன்னிரண்டு நிறுவனங்களில் சின்னச் சின்னப் பங்குகளாகப் போட்டோம். பங்கு இருந்தால் ஆண்டுக் கூட்டத்துக்குப் போகலாம். ஹோட்டல் மண்டபம், குளிர்சாதனம், முடிந்ததும் விருந்து. எங்களைப் போன்ற நரைத்த தலைகள்தான் அரங்கம் முழுக்க இருக்கும். தலைவர் கணக்கு வாசிக்கும்போதே பாதிப் பேர் மெல்ல நகர்ந்து பின்வாசல் பக்கம் நிற்பார்கள். சிலர் பையில் டப்பா கொண்டுவருவார்கள். நான் டப்பா கொண்டுபோனதில்லை. ஆனால் அதைவிட வெட்கக்கேடான ஒன்றைச் செய்தேன்: நோட்டுப் புத்தகம் கொண்டுபோனேன். எந்த நிறுவனம் என்ன உணவு போட்டது, போன வருஷத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று எழுதிவைத்தேன். ஆண்டறிக்கையில் எண்களை எப்படியும் அழகாக அடுக்கலாம், சாப்பாட்டு மேசையில் நிலைமையை மறைக்க முடியாது என்பது என் சித்தாந்தம்.

ஒரு நிறுவனம் பிரியாணி, இறால், மூன்று வகை இனிப்பு என்று போட்டது. இன்னொன்றில் ஆளுக்கு ஒரு பன்னும் பாக்கெட் பானமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இவர்களுக்கு ஏதோ நெருக்கடி என்று நினைத்து, பன் கொடுத்த நிறுவனத்தின் பங்கை அடுத்த வாரமே விற்றேன். அந்தப் பணத்தைப் பிரியாணி நிறுவனத்தில் போட்டேன். இரண்டே வருஷத்தில் பிரியாணிக்காரர்களின் பங்கை வாங்கி விற்பதையே சந்தையில் நிறுத்திவைத்தார்கள். பன் கொடுத்தவர்கள் ஒவ்வொரு வருஷமும் வளர்ந்தார்கள். உன் அம்மா அதை எனக்கு மறக்கவிட்டதே இல்லை. “பன் குடுத்தவன் நம்ம காசப் பத்திரமா வச்சிருந்தான். பிரியாணி போட்டவன் நம்ம காசுலதான் போட்டான். தின்னுட்டு அவனுக்கே மார்க் போட்டுட்டு வந்தீங்க.”

அவள் வழி வேறு. நாற்பது வருஷம் தாதியாக இருந்தவள், நோயாளி சொல்வதைவிட அவர் கால் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிற கண் அவளுக்கு. பலசரக்குக் கடைகள் நடத்தும் ஒரு நிறுவனத்தின் கூட்டத்தில், கேள்வி கேட்பவர்களின் ஒலிவாங்கி வரிசையில் போய் நின்றாள். நான் அவள் கையைப் பிடித்து இழுக்காத குறை. அவள் முறை வந்ததும் தலைவரைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்: “ஐயா, உங்க வீட்டுக்குச் சாமான் எங்க வாங்குறீங்க?” அரங்கமே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு, வீட்டுச் சாமான் விஷயம் மனைவிக்குத்தான் தெரியும் என்றார். அம்மா நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். “வித்துடுங்க” என்றாள். நான் ஆண்டறிக்கையைக் காட்டி, லாபம் கூடியிருக்கிறதே என்றேன். விற்கவில்லை. கடைகள் ஒவ்வொன்றாக மூடியபோது அவள் அந்த ஆண்டறிக்கையைப் பழைய நாளிதழ்க் கட்டில் சேர்த்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு நிறுவனத்தின் உண்மையான மதிப்பைப் பார்க்கத் தெரிந்தவர் நம் வீட்டில் ஒருவர் உண்டு என்றால் அவள்தான். உனக்கு அந்தக் கண் அவளிடமிருந்து வந்தது. எண் போட்டு எழுதும் வழக்கம் மட்டும் என்னிடமிருந்து வந்திருக்கலாம்.

ஐந்தாவதை எழுதச் சந்தோஷமாக இருக்கிறது. போன தீபாவளிக்கு முந்திய வாரம் ஃபேரர் பார்க் வீட்டுக்கு நீ சாப்பிட வந்தாய். அன்று சாயங்காலம் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி நான்காம் ஐந்தாம் மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒன்பதாம் மாடிச் சீனக் கிழவி, தள்ளுவண்டி நிறையக் காய்கறியோடு. நீ சோற்றுக் கையை அவசரமாகக் கழுவிவிட்டுப் படியிறங்கி ஓடினாய். நான் மெதுவாகப் பின்னால் வந்தேன். நிறுவனத்தின் தலைவி நீ, ஐந்தாம் மாடியில் கதவு இடுக்குக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அரைகுறை மலாயிலும் அதைவிட அரைகுறையான ஹொக்கியன் சீனத்திலும் அந்தக் கிழவியிடம் அன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டுக்கொண்டிருந்தாய். உள்ளிருந்து அழுகை நின்று, பூண்டு விலையைப் பற்றிய புகார் வர ஆரம்பித்தது.

ஹமீது வந்து சேர்ந்தான். கருவிப் பையைத் திறக்குமுன் கதவில் காதை வைத்தான். “அக்கா, அஞ்சாம் மாடிக் கதவு இழுக்குது. போன மாசமே சத்தம் மாறுச்சு, எழுதி வச்சிருக்கேன், சாமான் இன்னும் வரல.”

“சாமான் நாளைக்கு வந்தாகணும் ஹமீது. இல்லன்னா நான் ஏறி உக்காந்துக்குறேன், நீ என்னையே கதவா மாட்டு.”

“வேணாங்கா, வெயிட் லிமிட் தாண்டிடும்.”

சிரித்துக்கொண்டே வேலையை முடித்தீர்கள். கிழவி வெளியே வந்ததும் உனக்கு ஒரு கட்டுக் கீரையைக் கொடுத்தாள். மறுநாள் காலையில் உன் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன். வாகனங்கள் இருந்தன. உதிரிப்பாகங்கள் இருந்தன. அலுவலகக் குத்தகை இருந்தது. ஹமீதின் காது எந்தப் பக்கத்திலும் இல்லை. நீ தரையில் உட்கார்ந்ததும் இல்லை. இப்படி எழுதியதுமே என் சந்தேகம் தலைதூக்குகிறது: ஹமீது நாளை வேறு இடத்துக்குப் போனால் அந்தக் காதும் போய்விடும், அதைச் சொத்து என்று எப்படிச் சொல்வது? எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் அவன் பதினோரு வருஷமாகப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கும் ஒரு மதிப்பு இருக்கத்தான் வேண்டும். ஒன்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். நான் இறங்கிப் பார்த்த எந்தக் கப்பலையும்விட நீ கட்டியது நல்ல கட்டுமானம். இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. தகப்பன் புகழ்ந்தால் பிள்ளைக்குத் திருஷ்டி என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன்.

ஆறாவது. நீ பட்டியலிட்டபோது நான் பணம் எடுக்கும் வங்கி இயந்திரத்துக்கு முன்னால் வரிசையில் நின்று பங்குக்கு விண்ணப்பித்தேன். குலுக்கலில் கிடைத்தது. பிறகு சந்தையில் இன்னும் கொஞ்சம் வாங்கினேன். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது இது: ஒப்பந்தம் போன செய்தி நாளிதழில் வந்த மூன்றாம் நாள், காப்பிக்கடையில் என்னோடு பழைய பட்டறை நண்பர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், “இது இன்னும் எறங்கும்லா, வேணும்னா பாத்துக்கிட்டே இரு” என்றார். அவருக்கு உன் நிறுவனத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, எனக்கும் நாளிதழில் வந்ததற்கு மேல் தெரியாது. உனக்கு ஒரு போன் செய்து, நிலைமை எப்படி என்று கேட்கலாம் என்று நினைத்தேன். உன் குரலில் கவலை இருந்தால் என்ன செய்வது என்று பயந்து அதையும் செய்யவில்லை. வீட்டுக்கு வந்தேன். அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். கைப்பேசியில் நான் விற்கும் விலையைத் தட்டித் திருத்துவதற்குள் விலை இரண்டு தடவை இறங்கியது. எல்லாவற்றையும் விற்றேன். கிடைத்த தொகையை வைப்புத்தொகையாக வங்கியில் போட்டேன். அது பத்திரமாக இருக்கிறது. நான் அன்றிலிருந்து பத்திரமாக இல்லை.

அதனால், தேன்மொழி, உன் அப்பாவிடம் உன் நிறுவனத்தின் பங்கு ஒன்று கூட இல்லை. ஏழு மாதமாக இல்லை. நீ உன் ஆட்களுக்குக் கொடுத்த தெம்பு பொய்யானது. பொய் உன்னுடையது இல்லை, என்னுடையது. நீ எடுக்கப்போகும் முடிவில் அந்தப் பொய்யும் ஓர் எடைக்கல்லாகத் தராசில் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஹமீதிடம் இதை வாசித்துக் காட்டச் சொன்னது அதனால்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு நடந்து வரும்போது உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “வித்தது கூடப் போகட்டுங்க. பயம், வித்துட்டீங்க. அவ அவ்வளவு சொல்லியும் தலைய ஆட்டுனீங்களே.” பிறகு, “எழுதிக் குடுங்க. பேசச் சொன்னா மறுபடியும் சட்னி வாங்கப் போயிடுவீங்க” என்றாள்.

நீ கேட்டதற்கு இப்போது பதில். இந்த நான்கு நாளும் உட்கார்ந்து கப்பலுக்குப் போடுவதுபோல் உன் நிறுவனத்துக்குக் கணக்குப் போட்டேன். வெளியிட்ட அறிக்கைகளை மட்டும் வைத்துத்தான் போட்டேன். கையில் இருக்கும் ஒப்பந்தங்கள், புதுப்பிக்கப்படும் வாய்ப்பு, இந்த ஊரில் முதுமை அடைந்துகொண்டிருக்கும் மின்தூக்கிகள், அவற்றில் ஏறப்போகும் என்னைப் போன்ற முழங்கால்கள். ஒப்பந்தம் போனதன் நஷ்டத்தைத் தாராளமாகவே கழித்தேன். மகள் என்ற பாசத்துக்காக இன்னும் கொஞ்சம் கழித்தேன். அதற்குப் பிறகும் அவர்கள் தருவதாகச் சொல்லும் விலையைவிட உன் நிறுவனம் அதிகம் பெறும். தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன், பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்து. விற்பதும் விற்காததும் உன் முடிவு. களைத்துவிட்டேன் என்று நீ விற்றாலும் அது நியாயமான காரணம்தான். சந்தை இவ்வளவுதான் பெறும் என்றதே என்று மட்டும் விற்காதே.

அப்படியானால் மேலே மூன்றாவதாக நான் எழுதியது என்ன ஆயிற்று என்று நீ கேட்பாய். நேற்று முழுவதையும் திரும்பப் படித்தபோது நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டேன். படித்து, யோசித்து, தனித்தனியாகத் தரும் தாள்கள் என்று எழுதினேன். அந்த மூன்றாம் நாள் அந்தத் தாள்களில் ஒன்று என்னுடையது. நான் படிக்கவில்லை, யோசிக்கவில்லை, தனியாகவும் முடிவு செய்யவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் தாளைப் பார்த்து எழுதினேன், அவர் யாரைப் பார்த்து எழுதினாரோ. எல்லாரும் ஒரே பயத்தைப் பயந்தால் பிழைகள் ஒன்றையொன்று தின்னாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். உன் ஆட்கள் தினமும் திரையில் பார்த்துத் தலைகுனியும் அந்த விலையைப் போட்டவர்களில் நானும் ஒருவன். மூன்றாவதாக நான் எழுதியது தவறு. அதைக் கோடு போட்டு அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீயே அடித்துவிடு.

அப்பா